மணலுக்கு ஈன்ற முளை: உருபு மயக்கம் குறித்து வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் எட்டு வேற்றுமைகளையும் சுருக்கமாக விளக்கியிருந்தேன். அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பல, ஓர் உருபு நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் உருபு நிற்கும் உருபு மயக்கத்தைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, பத்தாம் வகுப்பில் ‘செய்ந்நன்றியறிதல்’ அதிகாரம் நடத்தியபோது, “காலத்தினால் செய்த நன்றி” என்ற இடத்தில் ஒரு மாணவி எழுந்து, “காலத்தில் செய்த என்றுதானே இருக்க வேண்டும், வள்ளுவர் ஏன் மாற்றிச் சொன்னார்?” என்று கேட்டாள். உருபு மயக்கம் என்று சொல்லி அமர வைத்தேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே நிறைவு தரவில்லை. உருபு மயக்கம் என்பது புலவர் செய்த பிழைக்கு நாம் சூட்டும் மரியாதையான பெயரா?
— தமிழாசிரியை, மன்னார்குடி

பதில்: அந்த மாணவியின் கேள்வி மிக நல்ல கேள்வி. தாங்கள் சொன்ன பதிலும் பிழையன்று. பரிமேலழகரும் அவ்விடத்தை வேற்றுமை மயக்கம் என்றே குறித்திருக்கிறார். ஆனால் விளக்கம் அந்தப் பெயரோடு நின்றுவிடக் கூடாது.

முதலில் ‘மயக்கம்’ என்ற சொல்லைப் பார்ப்போம். இன்றைய வழக்கில் மயக்கம் என்றால் தலைசுற்றலும் தெளிவின்மையுமே நினைவுக்கு வருகின்றன. இலக்கண நூல்களில் மயங்குதல் என்பது கலத்தல். எழுத்ததிகாரத்தில் வரும் மெய்ம்மயக்கம் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து நின்று கலப்பதைச் சொல்கிறதே ஒழிய, எழுத்துகள் தடுமாறிவிட்டன என்று சொல்லவில்லை. பொருளதிகாரத்தில் “திணைமயக் குறுதலும் கடிநிலை இலவே” என்று தொல்காப்பியர் கூறும்போதும், ஒரு திணைக்குரிய ஒழுக்கம் மற்றொரு திணையோடு கலந்து வருவதை விலக்க வேண்டியதில்லை என்றே கூறுகிறார். சொல்லதிகாரத்தின் மூன்றாம் இயலுக்கு ‘வேற்றுமை மயங்கியல்’ என்று பெயரிட்டதும் இந்தப் பொருளில்தான். வேற்றுமைகளை வரையறுக்கும் வேற்றுமையியலை முடித்த கையோடு, அவை எப்படியெல்லாம் ஒன்றன் எல்லைக்குள் ஒன்று புகும் என்பதற்கென்று ஒரு தனி இயலை அவர் வைத்திருக்கிறார். பிழைகளுக்காக யாரும் ஓர் இயலை ஒதுக்க மாட்டார்கள்.

அந்த இயலில் வரும் ஒரு நூற்பாவை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ளலாம்: “யாதன் உருபின் கூறிற்று ஆயினும் பொருள்செல் மருங்கின் வேற்றுமை சாரும்.” எந்த உருபைக் கொண்டு சொல்லப்பட்டிருந்தாலும், பொருள் எந்தப் பக்கம் செல்கிறதோ அந்த வேற்றுமையையே அது சாரும் என்பது கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் ஒரு சொல்லையும் மாற்றாமல் இதைத் தம் 317ஆம் நூற்பாவாக எடுத்துக்கொண்டார்.

இனிக் குறளுக்கு வருவோம். “காலத்தி னாற்செய்த நன்றி சிறிதெனினும் / ஞாலத்தின் மாணப் பெரிது.” பொருள் ஏழாம் வேற்றுமை, தக்க காலத்தின்கண் செய்த உதவி என்பதே கருத்து. உருபு மூன்றாம் வேற்றுமையின் ‘ஆல்’. இதற்கு யாப்பின் நெருக்கடியைச் சிலர் காரணமாகச் சொல்வார்கள். “காலத்திற் செய்த நன்றி” என்று அமைத்தால் ‘செய்த’ என்னும் தேமாவை அடுத்து ‘நன்றி’ நேரசையில் தொடங்க, வெண்டளை கெடும் என்பது உண்மைதான். ஆனால் ‘நன்றி’ இருந்த இடத்தில் ‘உதவி’ என்று வைத்திருந்தால் நிரையசை வந்து தளை சரியாகியிருக்கும். “காலத்திற் செய்த உதவி சிறிதெனினும்” என்பதில் தளையும் பிழைக்கவில்லை, எதுகையும் கெடவில்லை. இந்தக் குறளுக்கு முன்னும் பின்னும் உள்ள 101, 103 ஆகிய இரு குறள்களிலும் ‘செய்த உதவி’ என்ற தொடரையே வள்ளுவர் ஆண்டிருக்கிறார்; அது அவர் கைக்கு எட்டாத சொல் அன்று. எனவே யாப்பு அவரை வற்புறுத்தவில்லை. ‘ஆல்’ வேண்டும் என்றே வைத்திருக்கிறார்.

ஏன் வேண்டும்? குறளின் கணக்கைப் பாருங்கள். உதவி சிறியது, ஆனால் உலகத்தைவிட மிகப் பெரியது. சிறியதைப் பெரியதாக்கியது எது? செய்தவரின் செல்வமும் அன்று, பெற்றவரின் தகுதியும் அன்று, காலம். அந்தச் சிறிய உதவியைப் பெரியதாக வளர்த்த கருவி காலம் என்றால் அதற்கு உரிய உருபு ‘ஆல்’ தானே? ‘காலத்தில் செய்த’ என்று சொன்னால் காலம் உதவி நிகழ்ந்த இடமாக மட்டும் நின்றுவிடும். அதற்கு ஒரு வேலையும் இராது. ‘காலத்தினால்’ என்றதும் காலம் செயலுக்குள் வந்துவிடுகிறது. பொருள் ஏழாம் வேற்றுமையின் பக்கம் சென்றாலும், மூன்றாம் வேற்றுமையின் ஆற்றலும் உடன் வந்து நிற்கிறது.

என் இளமையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பணியில் இருந்தேன். ஒரு நினைவு மலருக்கு வந்த கட்டுரையில் ‘காலத்தால் செய்த உதவி’ என்று இருந்ததைக் ‘காலத்தில்’ என்று திருத்தினேன். அங்கிருந்த முதிய மெய்ப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, என் திருத்தத்தின் மேல் கோடிட்டு ‘ஆல்’ என்பதை மீண்டும் எழுதி, ஓரத்தில் 102 என்று எண்ணை மட்டும் குறித்துத் திருப்பித் தந்தார். அன்று முதல், எந்த உருபை மாற்றுவதற்கு முன்னும், அது அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுகிறேன். தங்கள் மாணவியிடமும், இந்த உருபை மாற்றினால் குறளில் எது குறைகிறது என்று கேட்டுப் பாருங்கள். அவளே சொல்லிவிடுவாள் என்று நம்புகிறேன்.

கேள்வி: உருபு மயக்கமும் வேற்றுமை அணியும் ஒன்றா? போட்டித் தேர்வுக்குப் படிக்கும்போது குழப்பமாக இருக்கிறது.
— வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: பெயரளவில்தான் ஒற்றுமை. வேற்றுமை அணி என்பது இரண்டு பொருள்களுக்கு ஒப்புமை காட்டிப் பின் அவற்றிடையே வேறுபாடு காட்டுவது. “தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு” என்ற குறளைப் பாடநூல்கள் எடுத்துக்காட்டும். பெயர்ச்சொல்லின் பொருளை வேறுபடுத்தும் வேற்றுமை உருபுக்கும் அந்த அணிக்கும் தொடர்பில்லை. தண்டியலங்காரம் கூறும் 35 பொருளணிகளில் உருபு மாறி வருவதற்கென்று ஓர் அணி கிடையாது. தமிழ் மரபு இதை அணியிலக்கணத்தில் வைக்காமல் சொல்லிலக்கணத்தில் வைத்தது. அதற்குக் காரணம் உண்டு என்றே கருதுகிறேன். புலவர்கள் மட்டுமன்றி எல்லாரும் நாள்தோறும் செய்வது இது. அடுத்த கடிதமே அதற்குச் சான்று.

கேள்வி: எங்கள் ஊர்ப் பேச்சில் ‘இண்டைக்கு’, ‘நாளைக்கு’, ‘இரவைக்கு வாறன்’ என்று சொல்வோம். எழுதும்போது மட்டும் ‘இன்று’, ‘நாளை’, ‘இரவில்’ என்று திருத்திக்கொள்கிறோம். இந்த ‘கு’ எங்கிருந்து வந்தது? இது கொச்சையா?
— வாசகர், பருத்தித்துறை

பதில்: கொச்சையன்று, தாங்கள் பேசுவது தொல்காப்பியம் ஒப்புதல் தந்த வழக்கு. தமிழகத்தில் ‘இன்னைக்கு’ என்கிறோம்; அங்கே ‘இண்டைக்கு’ என்கிறீர்கள்; இரண்டும் ‘இன்றைக்கு’ என்பதன் பேச்சு வடிவங்களே. பொருள் ஏழாம் வேற்றுமை. நிற்பது நான்காம் வேற்றுமையின் ‘கு’.

வேற்றுமை மயங்கியலின் இறுதிப் பகுதியில் நான்காம் உருபுக்காக ஒரு நீண்ட நூற்பா உண்டு. மற்ற வேற்றுமைகளின் பொருளில் ‘கு’ வரும் இடங்களை அது வரிசையாகச் சொல்லி, இவை “நான்கன் உருபின் தொன்னெறி மரபின” என்று முடிக்கிறது. தொன்னெறி என்ற சொல்லைக் கவனியுங்கள். தொல்காப்பியர் காலத்திலேயே அது பழைய நெறியாக இருந்திருக்கிறது. அதில் ‘காலத்தின் அறியும் வேற்றுமைக் கிளவி’ என்று ஒரு வகை வருகிறது. உரைகள் அதற்குக் காட்டும் எடுத்துக்காட்டு “காலைக்கு வரும்” என்பது. காலைக்கண் வரும் என்பது பொருள். ‘இரவைக்கு வாறன்’ என்று தாங்கள் சொல்வதற்கும் இதற்கும் இலக்கணத்தில் ஒரு வேறுபாடும் இல்லை.

அந்த நூற்பாவின் மற்ற எடுத்துக்காட்டுகளும் சுவையானவை. “யானைக்குக் கோடு கூரிது” என்பதில் (கோடு என்றால் தந்தம்) யானையது கோடு என்ற ஆறாம் வேற்றுமைப் பொருளில் ‘கு’ வந்திருக்கிறது. இன்று நாம் ‘எனக்குத் தலை வலிக்கிறது’ என்றும் ‘அவளுக்குக் கூந்தல் நீளம்’ என்றும் சொல்வது அதே அமைப்பு. “ஆவிற்குக் கன்று” என்பது ‘அவருக்கு இரண்டு பிள்ளைகள்’ என்று நம் வீடுகளில் வழங்குகிறது. “கருவூர்க்குக் கிழக்கு” என்பதில் ஐந்தாம் வேற்றுமையின் எல்லைப் பொருள் இருக்கிறது. இன்று அந்த இடத்தில் ‘இன்’ உருபை யாரும் பேச்சில் வழங்குவதில்லை, ‘ஊருக்குக் கிழக்கே’ என்றுதான் சொல்கிறோம். “ஊர்க்குத் தீர்ந்தான்” போன்ற சில மட்டும் வழக்கிழந்தன. ஊரைவிட்டு நீங்கியவனை இன்று அப்படிச் சொன்னால் புரியாது.

காலத்தைக் குறிக்கும் ‘கு’வோ பேச்சில் மேலும் மேலும் இடம் பிடித்திருக்கிறது. கடிகாரம் காட்டும் நேரத்தை ‘ஆறு மணியில் வருகிறேன்’ என்று தமிழர் யாரும் சொல்வதில்லை. ‘ஆறு மணிக்கு’ என்பதே எங்கும் வழக்கு. ‘காலையில் வருகிறேன்’ என்பதற்கும் ‘காலைக்கு வருகிறேன்’ என்பதற்கும் காதில் ஒரு வேறுபாடு கேட்கிறதல்லவா? முன்னது வரும் பொழுதைச் சொல்கிறது. பின்னதில் வருபவரும் எதிர்பார்த்திருப்பவரும் பேசி வைத்துக்கொண்ட ஒரு பொழுது இருக்கிறது. ஏற்பதும் இலக்கு நோக்குவதும் நான்காம் வேற்றுமையின் சொந்தப் பொருள்கள். ‘கு’ ஏழாம் வேற்றுமையின் வேலையைச் செய்யும்போதும் அவை அதை விட்டுப் போவதில்லை. எனக்கு இது வள்ளுவரின் ‘ஆல்’ செய்வதைப் போலவே தோன்றுகிறது.

மற்ற உருபுகளைப் பற்றித் தொல்காப்பியர் அடுத்த நூற்பாவில் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்: “ஏனை உருபும் அன்ன மரபின, மானம் இலவே சொல்முறை யான.” மானம் என்பது இங்கே குற்றம். வழக்கின் முறைப்படி வந்தால் குற்றம் இல்லை. ஆகவே ‘இன்றைக்கு’ என்று எழுதத் தயங்க வேண்டாம்.

கேள்வி: ‘மரம் வெட்டினான்’ என்பதில் ‘மரத்தை’ என்று வர வேண்டியது ‘மரம்’ என்று எழுவாய் வடிவில் வருகிறது. இதுவும் உருபு மயக்கம்தானே?
— கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை. அங்கே ‘ஐ’ மறைந்து நிற்கிறது. அதன் இடத்தில் வேறோர் உருபு வந்து அமரவில்லை. அது வேற்றுமைத் தொகை.

ஆனால் தொகையிலும் ஒரு தடுமாற்றம் உண்டு, அதையும் தொல்காப்பியர் இதே இயலில்தான் வைத்தார். ‘புலிகொல் யானை’ என்றால் புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? மறைந்திருப்பது ‘ஐ’ என்று கொண்டால் யானை உயிரோடு நிற்கிறது. ‘ஆல்’ என்று கொண்டால் விழுந்து கிடக்கிறது. இத்தகைய தடுமாறு தொழிற்பெயருக்கு இரண்டாம் வேற்றுமையும் மூன்றாம் வேற்றுமையும் விலக்கில்லை என்று சொல்லி, தொடரின் இறுதியில் வரும் சொற்களைக் கொண்டு அறிவோர் எது என்று தெரிந்துகொள்வார்கள் என்று அடுத்த நூற்பாவில் வழி காட்டுகிறார். ‘புலிகொல் யானை ஓடியது’ என்று தொடர் முடிந்தால் ஐயம் தீர்ந்துவிடுகிறது.

கேள்வி: பிற மொழிகளிலும் இவ்வாறு ஒரு வேற்றுமைக்கு வேறு வேற்றுமை வருவது உண்டா? ஐரோப்பிய அணியிலக்கணத்தில் இதற்கு ஒரு பெயர் இருப்பதாக எங்கோ படித்தேன்.
— வாசகி, பெங்களூரு

பதில்: உண்டு. கிரேக்க, இலத்தீன் மரபில் இதை ஆன்டிப்டோசிஸ் என்பார்கள். ‘ப்டோசிஸ்’ என்றால் வீழ்ச்சி. வேற்றுமையைச் சொல்லின் சரிவாக அவர்கள் கண்டார்கள். இலத்தீனில் வேற்றுமையைக் குறிக்கும் ‘காசுஸ்’ என்ற சொல்லும் வீழ்ச்சியையே குறிக்கும். நாம் பொருள் வேறாவதைக் கண்டு வேற்றுமை என்றோம்.

அந்த அணிக்கு அடிக்கடி காட்டப்படும் வரி வெர்ஜிலின் ஈனியத் காவியத்தின் முதல் காண்டத்தில் 573ஆம் அடியாக வருகிறது. கடலில் அலைந்து கரை சேர்ந்த திராய் நாட்டவரிடம் கார்த்தேஜ் அரசி தைதோ, “நான் எழுப்பும் நகரம் உங்களுடையது” என்கிறாள். ‘நகரம்’ அங்கே எழுவாய். ‘உர்ப்ஸ்’ என்று முதல் வேற்றுமையில் நிற்க வேண்டும். வெர்ஜில் ‘உர்பெம்’ என்று இரண்டாம் வேற்றுமையில் வைத்தார். நகரத்தை அடுத்து வரும் ‘எதை நான் எழுப்புகிறேனோ’ என்பதில் ‘எதை’ என்னும் இணைப்புச்சொல் இரண்டாம் வேற்றுமையில் இருப்பதால், அது தன் முன்னே நிற்கும் பெயரையும் தன் வேற்றுமைக்கு இழுத்துக்கொண்டது. அரசியின் வாயில் நகரம் முதலில் அவள் எழுப்புகிற பொருளாக வந்து, பிறகுதான் அவர்களுடையதாகிறது.

தமிழில் இந்த வகை நேராது. ‘நான் எழுப்பும் நகரம்’ என்று பெயரெச்சத்தால் நாம் முடித்துவிடுகிறோம். பெயரைத் தன் பக்கம் இழுப்பதற்கு அங்கே அப்படி ஓர் இணைப்புச்சொல்லே இல்லை. நம் மொழியில் உருபை இழுப்பது பெரும்பாலும் வினைச்சொல்லின் பொருளே. வடமொழியிலும் இத்தகைய மாற்றங்கள் உண்டு; வேத மொழியில் நான்காம் வேற்றுமைப் பொருளில் ஆறாம் வேற்றுமை பலவாறாக வரும் என்பதற்குப் பாணினி தனிச் சூத்திரமே செய்திருக்கிறார். கன்னடச் சூழலில் வாழும் தாங்கள், அண்டை மொழியான மலையாளத்தையும் கவனித்துப் பாருங்கள். நாம் ‘அவனிடம் சொன்னேன்’ என்னும் இடத்தில் அவர்கள் ‘அவனோடு பறஞ்ஞு’ என்பார்கள். நாம் யாரிடம் பேசுகிறோம் என்று பார்க்க, அவர்கள் யாரோடு பேசுகிறோம் என்று பார்க்கிறார்கள்.

கேள்வி: நான் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துநராக இருக்கிறேன். ‘நாய் சிறுவனின் காலைக் கடித்தது’, ‘நாய் சிறுவனைக் காலில் கடித்தது’, ‘நாய் சிறுவனைக் காலைக் கடித்தது’ என மூன்று விதமாகவும் செய்திகள் வருகின்றன. எவற்றை விடலாம், எதைத் திருத்த வேண்டும்? பொதுவாக, உருபு மயக்கத்தையும் உருபுப் பிழையையும் எப்படிப் பிரித்தறிவது?
— கோயம்புத்தூர்

பதில்: முதல் இரண்டும் சரி, மூன்றாவதைத் திருத்திவிடுங்கள். இதற்குத் தொல்காப்பியத்திலேயே விதி இருக்கிறது. முழுப்பொருளை முதல் என்றும் அதன் உறுப்பைச் சினை என்றும் சொல்வது மரபு. முதலுக்கு ‘அது’ என்னும் ஆறாம் வேற்றுமை வந்தால் சினைக்கு ‘ஐ’ வரும். முதலுக்கு ‘ஐ’ வந்தால் சினைக்குக் ‘கண்’ வரும். உரைகள் “யானையது கோட்டைக் குறைத்தான்” என்றும் “யானையைக் கோட்டின்கண் குறைத்தான்” என்றும் காட்டுகின்றன. நன்னூலும் இதையே ஒரு நூற்பாவில் சுருக்கித் தருகிறது. யானையின் இடத்தில் சிறுவனையும், கோட்டின் இடத்தில் காலையும் வைத்தால் தங்கள் இரண்டு வாக்கியங்களும் அப்படியே கிடைக்கின்றன.

அவை இரண்டும் சரி என்றாலும் ஒன்றல்ல. ‘சிறுவனின் காலைக் கடித்தது’ என்றால் கடிபட்டது கால். சிறுவன் அந்தக் காலுக்கு உரியவன். ‘சிறுவனைக் காலில் கடித்தது’ என்றால் கடிபட்டவன் சிறுவன். கால் கடிபட்ட இடம். மருத்துவமனைக் குறிப்புக்கு முன்னது பொருந்தும். ஓடி வந்து செய்தி சொல்லும் தாய் பின்னதைத்தான் சொல்வாள். ‘அவன் கன்னத்தை அறைந்தான்’ என்பதற்கும் ‘அவனைக் கன்னத்தில் அறைந்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடும் இதுவே. பின்னதில் அடி கன்னத்தோடு நிற்காமல் ஆளின் மேல் விழுகிறது. செய்தியாளர் எதை எழுதியிருக்கிறாரோ அதை, இடம் பார்த்து, விட்டுவிடுவதே நல்லது.

இதே இயலில் இன்னொரு நுட்பமான பிரிவும் உண்டு. ‘சார்தல்’ என்ற வினைக்கு ‘ஐ’ உருபே உரியது. ஆனால் உடம்பால் சாராமல் உள்ளத்தால் சார்வதாக இருந்தால் ‘கண்’ணும் வரலாம் என்கிறார் தொல்காப்பியர். தூணில் முதுகைச் சாய்த்தவன் ‘தூணைச் சார்ந்தான்’. அங்கே ‘ஐ’ மட்டுமே. அரசரை அண்டி வாழ்பவனை ‘அரசரைச் சார்ந்தான்’ என்றும் ‘அரசர்கண் சார்ந்தான்’ என்றும் சொல்லலாம். தொட்டுச் சார்வதற்கும் தொடாமல் சார்வதற்கும் உருபில் வேறுபாடு கண்ட காது அது.

மயக்கத்தையும் பிழையையும் பிரிப்பதற்கு நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். கேட்ட மாத்திரத்தில் பொருள் ஒரே பக்கம் செல்கிறதா என்று முதலில் பார்ப்பேன். ‘பொருள்செல் மருங்கின்’ என்ற நிபந்தனை அதுதான். பொருள் செல்லாவிட்டால் எந்த நூற்பாவும் காப்பாற்றாது. அடுத்து, தமிழ் பேசுவோர் அதை அப்படிச் சொல்வதுண்டா என்று பார்ப்பேன்; ‘சொல்முறையான’ என்ற நிபந்தனை இது. ‘பேருந்தில் வந்தேன்’ என்பதில் கருவிப் பொருளில் ‘இல்’ வந்திருக்கிறது; எல்லாரும் சொல்கிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. அதை இலக்கணம் கருதிப் ‘பேருந்தால் வந்தேன்’ என்று திருத்தினால், பேருந்து கிடைத்த காரணத்தால் வந்தேன் என்று பொருள் போய்விடும். ‘அமைச்சர் மக்களை உரையாற்றினார்’ என்று வந்தால் திருத்த வேண்டும்; உரையாற்றுதல் ‘ஐ’ ஏற்காத வினை, யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘கையில் எழுதினார்’ என்று வந்தால் நின்று பாருங்கள். தட்டச்சு செய்யாமல் எழுதினார் என்பது கருத்தானால் ‘கையால்’ என்று மாற்றுங்கள். உள்ளங்கையில் எண்ணைக் குறித்துக்கொண்டார் என்பது கருத்தானால் அப்படியே விடுங்கள். ஒரே தொடர், செய்தியைப் பொறுத்து, ஓரிடத்தில் திருத்தத்துக்கு உரியதாகிறது, மற்றோரிடத்தில் இல்லை.

உறவுமுறையில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். ‘எனது மகன்’, ‘அவரது மனைவி’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. ‘அது’ அஃறிணைக்குரிய உருபு என்பதால், உயர்திணைத் தொகையை விரிக்கும்போது அதைக் கெடுத்துக் ‘கு’ வைக்க வேண்டும் என்பது தொல்காப்பிய விதி. நம்பிமகன் என்பதை ‘நம்பிக்கு மகன்’ என்றே விரிப்பார்கள். இன்றைய வழக்கில் ‘அவரது மனைவி’ வேரூன்றிவிட்டது. அதைப் பிழை என்று வாதிட மாட்டேன். ஆனாலும் ‘என் மகன்’, ‘அவர் மனைவி’ என்று உருபில்லாமல் எழுதினால் சொல்லும் குறைகிறது, மனிதரைப் பொருளாக்கும் உருபும் விலகுகிறது.

கேள்வி: அகநானூறு 212ஆம் பாட்டில் “கிழங்கு மணற்கு ஈன்ற முளை” என்று இருக்கிறது. உரையில் ‘மணலின்கண் ஈன்ற’ என்று எழுதியிருக்கிறார்கள். மூலம் ‘மணற்கண்’ என்று இருந்து ஏடு எழுதியவர் பிழையாக ‘மணற்கு’ என்று எழுதியிருக்கக் கூடுமா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர், சிதம்பரம்

பதில்: ஏட்டுப் பிழை அன்று. இந்த அடியையே உருபு மயக்கத்துக்கு எடுத்துக்காட்டாகப் பழைய உரைகள் காட்டியிருக்கின்றன. அவர்கள் கையில் இருந்த பாடமும் ‘மணற்கு’ என்பதே. ஏழாம் வேற்றுமைப் பொருளில் நான்காம் உருபு வந்தது என்பது அவர்கள் தரும் விளக்கம்.

பாட்டு பரணருடையது. தலைவியின் பற்களுக்கு உவமை சொல்ல வருகிறார்: “கிளைஅரில் நாணற் கிழங்கு மணற்கு ஈன்ற / முளைஓ ரன்ன முள்எயிற்றுத் துவர்வாய்.” ஒன்றோடொன்று பின்னிய நாணல் தூறு, அதன் கிழங்கு மண்ணுக்குள் படர்ந்து, வெண்மையான கூரிய முளைகளை மணலின் வழியே மேலே நீட்டுகிறது. சிவந்த வாய்க்குள் கூர்மையாகத் தெரியும் பற்களுக்கு அந்த முளைகள் உவமை.

‘ஈன்ற’ என்ற வினை எந்த உருபை விரும்பும் என்று எண்ணிப் பாருங்கள். பெண் ஒருத்தி பிள்ளை பெற்றதைச் சொல்லும்போது ‘தசரதனுக்குக் கோசலை பெற்ற மகன்’ என்கிறோம். பெறுவது தாய், யாருக்குப் பெற்றாள் என்பதை நான்காம் வேற்றுமை சொல்கிறது. ‘மணற்கண்’ என்று பரணர் பாடியிருந்தால் மணல், முளை தோன்றிய இடம், அவ்வளவே. ‘மணற்கு ஈன்ற’ என்றதும் கிழங்கு தாயாகவும், மணல் அந்தப் பிள்ளையைப் பெற்றுக்கொள்ளும் உறவாகவும் ஆகிவிடுகின்றன. உரைகாரர் ‘மணலின்கண்’ என்று எழுதியது பொருள் செல்லும் பக்கத்தைக் காட்டுவதற்கு. அது வேண்டிய உதவி. அதைப் படித்தபின் மீண்டும் மூலத்துக்குத் திரும்பி, ‘கு’வை அதன் இடத்திலேயே வைத்துப் படித்துப் பாருங்கள். தங்கள் ஊருக்கு அருகில் கொள்ளிடம் இருக்கிறது. நீர் வற்றிய நாளில் கரையோர நாணல் தூறின் அடியில் மணலை விரலால் சற்று விலக்கினால், கிழங்கிலிருந்து புறப்பட்டு இன்னும் பச்சை பிடிக்காத வெண்முளை கூராக நிற்பதைக் காணலாம்.